இளம் விண்மீன் கொத்துக்கு எந்த வானளாய்வு: கையாவா, டூமாஸா, வி.வி.வி.யா?

ஆனி, ஆடிக் குளிரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விருச்சிகம் ஏறக்குறைய தலைக்கு மேலே வந்து நிற்கும். அதன் வால் பக்கத்து என்.ஜி.சி 6231 கொத்தைத்தான் முதுகலை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். வயது சில மில்லியன் ஆண்டுகள். தூரம் சுமார் 5,000 ஒளியாண்டு. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதித் தெருவிளக்குக்கு நடுவே நின்று மங்கலான விண்மீன்களைத் தேட முடியாது. ஆனால் தரவுக்கு ஊர் ஏது? கையா (ஐரோப்பிய விண்கலம் எடுத்தது), டூமாஸ் (முழு வானத்தின் அகச்சிவப்பு அளவாய்வு), வி.வி.வி. (பால்வீதித் தளத்தின் அகச்சிவப்பு அளவாய்வு), எல்லாமே இலவசம்.

ஹவாயிலிருந்து எடுத்த பான்-ஸ்டார்ஸ் வானளாய்வு, வான நடுக்கோட்டிலிருந்து தெற்கே −30 பாகைக்குக் கீழே வராது, நம் கொத்து −42இல் இருக்கிறது. அதனால் அந்தப் பேச்சே இல்லை. ஆழத்தில் வி.வி.வி.தான் முன்னால்: சிலியில் 4 மீட்டர் தொலைநோக்கி, அகச்சிவப்பு. பிரகாசமான மீன்கள் அதில் கருவி தாங்கும் அளவை மீறிச் செறிவுற்றுக் கெட்டுவிடும், அவற்றுக்கு 1997–2001இல் எடுத்த டூமாஸையே ஒட்டுப்போட வேண்டும். சரி, இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றே: எது கொத்தின் மீன், எது வழிப்போக்கன்? பால்வீதித் தளத்தில் எங்கே பார்த்தாலும் கூட்டம். அகச்சிவப்பு அளவீடு மட்டும் கையில் இருந்தால் வழக்கமான வழி, பக்கத்தில் அதே பரப்புள்ள வெற்று வானத்தை எடுத்து, நிறம்–பொலிவு வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அங்கே விழும் எண்ணிக்கையை இங்கே கழிப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இளம் கொத்துகள் பலவற்றைச் சுற்றி, பிறந்த முகிலின் மிச்சம் இன்னும் கலையாமல் இருக்கும். பின்னணி மீன்களை அந்தத் தூசு மறைக்கும், சிவப்பாக்கும். பக்கத்து வானத்தில் அந்த மறைப்பு இல்லை. ஆகவே இங்கே தெரியாத மீன்களையும் சேர்த்துக் கழித்துவிடுகிறோம். அதில் அடிபடுவது கொத்தின் மங்கலான சிறு மீன்கள். வெற்று வானத்தை வேறு திசையில் எடுத்தால் விடையும் மாறும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் கிடைப்பது எத்தனை என்பதுதான், எவை என்பதல்ல.

கையாவில் ஒளியளவோடு தன்னியக்கமும் (வானில் மீன் நகரும் வேகம்) இடமாறு கோணமும் (தூரத்தைக் காட்டுவது) கூடவே வருகின்றன. கொத்தின் மீன்கள் சேர்ந்து நகர்வதால் தன்னியக்க வரைபடத்தில் ஒரே இடத்தில் திரளும், வழிப்போக்கர்கள் சிதறிக்கிடப்பார்கள். 2022இல் வந்த மூன்றாம் வெளியீட்டைத்தான் பயன்படுத்துகிறேன். அட்டவணையாகவே இறங்குவதால், லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்தாலும் மின்சாரம் போவதற்குள் வேலை முடிந்துவிடும்.

குறையும் உண்டு. பொலிவெண் (மங்க மங்க ஏறும் எண்) 20 அருகே தன்னியக்கப் பிழை ஆண்டுக்கு அரை மில்லி விகலை (விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு); கொத்தின் உள்ளசைவே அதைவிடக் குறைவு, அந்த மட்டத்தில் திரள் கரைந்துபோகும். மங்கலான சிவப்பு மீன்களின் நீல அளவு மிகையாகக் காட்டும். அதனால் நீலத்தை விட்டுவிட்டு கையாவின் அகலமான ஜி பட்டைக்கும் சிவப்புப் பட்டைக்கும் உள்ள வித்தியாசத்தையே நிறமாக எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் டூமாஸைத் தூக்கி எறியவில்லை. கையாவில் தேறிய பட்டியலுக்கு மூன்று அகச்சிவப்புப் பட்டைகளை அங்கிருந்துதான் சேர்க்கிறேன். இளம் மீன்கள் ஒளி மாறிக்கொண்டே இருப்பவை. டூமாஸ் மூன்று பட்டைகளையும் ஒரே நேரத்தில் பிடித்ததால் நிறத்தை நம்பலாம், சுற்றித் தூசு வட்டு உள்ள மீன்களும் பிடிபடும்.

வெஸ்டர்லண்ட் 1 போன்ற, தூசுக்குப் பின்னால் மறைந்த கொத்தென்றால் கதை வேறு. அங்கே கண்ணுறு ஒளி பத்துப் பொலிவெண்ணுக்கு மேல் மங்குகிறது, அகச்சிவப்பு கே பட்டையில் அதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். அப்படிப்பட்ட தூசில் நான் அதிகம் வேலை செய்ததில்லை. செய்ய நேர்ந்தால் வி.வி.வி.யிலிருந்துதான் தொடங்குவேன், கழித்தல் தொல்லையோடு சேர்த்தே.