வெள்ளியா, செவ்வாயா?

கஞ்சனூரில் சுக்கிரனையும் வைத்தீஸ்வரன் கோவிலில் அங்காரகனையும் கும்பிடுகிற டெல்டாக்காரர்கள் நாம். இந்த இரண்டு பாறைக் கோள்களில் எது பூமிக்கு நெருங்கிய சொந்தம்?

அளவில் வெள்ளிதான். குறுக்களவு சுமார் 12,100 கி.மீ., பூமியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. செவ்வாய் 6,780 கி.மீ., ஏறக்குறைய பாதி. ஆனால் வெள்ளியின் தரையில் ஈயம் உருகும். வெப்பம் 460 டிகிரி செல்சியஸ், காற்றழுத்தம் நம்மைப்போல 90 மடங்கு.

செவ்வாயில் கடுங்குளிர், காற்றும் மிக மெல்லியது. ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். தன்னைத்தானே சுற்ற 24 மணி 37 நிமிடம். வெள்ளிக்கோ 243 நாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே ஜெசீரோ பள்ளத்தில் ஒரு டெல்டாவே இருக்கிறது! 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஓர் ஆறு ஏரியில் கலந்து, வேகம் தணிந்து, வண்டலை விசிறி வடிவில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. நம் வயலுக்கு மண் கொடுத்த காவிரி செய்த அதே வேலை. 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி அந்த வண்டல் பாறையைத் துளைத்து, விரல் நீளத் துண்டுகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருக்கிறது.

வானத்தில் பார்க்க மட்டும் வெள்ளியே மேல். சின்னத் தொலைநோக்கியிலேயே அதன் பிறை தெரியும். செவ்வாய் பளிச்சென்று நெருங்கி வருவது சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறைதான்.