தஞ்சாவூரில் ஏழு மருந்துக் கடைகள்

இந்தப் பொங்கலுக்கு மூன்று வாரம் தஞ்சாவூரில் இருந்துவிட்டு வந்தேன். விமானம், திருச்சியிலிருந்து வந்த கார், பிள்ளைகளின் வயிறு எல்லாம் நல்லபடியாகவே இருந்தன, அதில் எழுத ஒன்றுமில்லை. எனக்கு எழுத வேண்டியிருப்பது ஓர் அவசரக் கருத்தடை மாத்திரைக்காக நாங்கள் ஏறி இறங்கிய ஏழு மருந்துக் கடைகளைப் பற்றி.

எனக்கு வயது 43. பதினேழு வருடமாக இங்கிலாந்தில், ரெடிங்கில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். அதனால் ஊரில் அக்கா, அண்ணி, சித்தி மகள் எல்லோருக்கும் இரண்டாவது பிரசவத்தோடு நடந்தது எனக்கு நடக்கவில்லை. தொட்டிலில் பிள்ளை, மறுநாள் கருத்தடை ஆபரேஷன், ஒரு வாரத்தில் வீடு, அத்தோடு அந்தப் பேச்சே முடிந்தது என்ற வழக்கம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பேச்சு முடியாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

41 வயது வரை தினசரி கருத்தடை மாத்திரைதான். பிறகு ரத்த அழுத்தம் ஏறியது. இரண்டு ஹார்மோனும் சேர்ந்த அந்த மாத்திரை இனி ஆகாது என்று நிறுத்திவிட்டு, ஒரு நர்ஸ் அரை மணி நேரம் உட்கார்ந்து என்னோடு பேசினார். ஒற்றை ஹார்மோன் மாத்திரை, கையில் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சி, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி, அதே மாதிரி உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனம், அப்புறம் கணவருக்கு வாசெக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன். எல்லாம் இலவசம், எது வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கணவர் அடுத்த வருடம் நான் பண்ணிக்கொள்கிறேன் என்றார். இரண்டு 'அடுத்த வருடம்' போயிற்று. இடையில் ஆணுறை.

காணும் பொங்கலன்று, சனிக்கிழமை இரவு, அது கிழிந்துவிட்டது.

பதற்றப்படவில்லை. ரெடிங்கில் என்றால் காலையில் எழுந்து தெருமுனை மருந்தகத்துக்குப் போவேன். மருந்தாளுநர் ஒரு சிறிய அறைக்குள் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டுவிட்டு அவசர மாத்திரையைக் கையில் கொடுப்பார். அங்கே 2001-இலிருந்து மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கிறது, 2025 அக்டோபரிலிருந்து இங்கிலாந்து மருந்தகங்களில் காசும் கிடையாது. நம் ஊரில் என்ன, தெருவுக்கு நாலு மெடிக்கல் இருக்கிறது, டிவியில் விளம்பரமே போட்டார்களே என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் கடை, கீழவாசல் பக்கம். சின்ன வயதில் அப்பாவோடு போய் இருமல் மருந்து வாங்கிய கடை. அதே மர அலமாரி, கத்தரியால் அட்டையை வெட்டி நாலு மாத்திரை கொடுக்கும் அதே பழக்கம். உள்ளே போனதும் மனசுக்கு இதமாக இருந்தது. "அவசரக் கருத்தடை மாத்திரை வேணும்" என்றேன். பையனுக்குப் புரியவில்லை. "ஐ-பில்" என்றேன். புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்ல மேடம்" என்றான்.

சரி, ஒரு கடை. இரண்டாவது கடையில் "ஸ்டாக் இல்ல". மூன்றாவதில் "தஞ்சாவூர்ல எங்கயும் கிடைக்காதுங்க". நான்காவது கடைக்குக் கணவர் போனார், நான் வண்டியிலேயே இருந்தேன். கடைக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு இல்லை என்று சொல்லி அனுப்பினாராம். ஐந்தாவது கடையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் தொண்டை வலிக்கிறது என்று வாயால் சொல்லி, சீட்டு எதுவும் இல்லாமல், மூன்று அஸித்ரோமைசின் வாங்கிக்கொண்டு போனார். அடுத்து நான் கேட்டேன். "டாக்டர் சீட்டு இருந்தாலும் இங்க கிடைக்காது" என்றார் அதே கடைக்காரர். என் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

என்னால் இதைத் தாண்டிப் போக முடியவில்லை, அதனால்தான் நீட்டி எழுதுகிறேன். சீட்டு கட்டாயம் வேண்டிய ஆன்டிபயாட்டிக்கைக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள். சீட்டே வேண்டாம் என்று 2005-இல் அரசாங்கம் மாற்றிய மாத்திரையை மட்டும் வைப்பதில்லை. தமிழ்நாட்டில் இதற்குச் சட்டப்படி தடை எதுவும் கிடையாது. பெங்களூரில் இருக்கும் என் கல்லூரித் தோழிக்கு ஃபோன் செய்தேன். "இங்க எந்தக் கடையிலயும் இருக்கேடி, ராத்திரி பஸ்ல போட்டு விடவா?" என்றாள். பக்கத்து மாநிலத்தில் தலைவலி மாத்திரை மாதிரி வாங்கும் ஒன்றுக்கு நம் ஊரில் ஒரு பெண் தாலியைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. எனக்கு 43 வயது, பேச வாய் இருக்கிறது, வண்டியில் கணவர் இருக்கிறார். இருபது வயதுப் பெண் ஒருத்தி தனியாக அந்தப் படி ஏறினால் என்ன ஆவாள் என்று நினைக்க நினைக்க எனக்குக் கோபம் அடங்கவில்லை.

ஏழாவது கடையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா மட்டும் வெளியே என் பின்னாலேயே வந்து, "எள்ளும் வெல்லமும் நல்லா இடிச்சு மூணு நாள் சாப்பிடுங்க" என்று காதோடு சொன்னார். அவருடைய அக்கறை நிஜம். ஆனால் அது எதையும் தடுக்காது. அந்த மாத்திரைக்கு 72 மணி நேரம்தான் கணக்கு, அதிலும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. முட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. முட்டை வந்துவிட்டால் அதனால் பயனில்லை. பெங்களூர் பஸ்ஸை நம்பி உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு தனியார் கிளினிக். டோக்கன், இரண்டு மணி நேரக் காத்திருப்பு, ஐந்நூறு ரூபாய். டாக்டர் அம்மா சிரித்துக்கொண்டே, "நாப்பத்து மூணு வயசுல எல்லாம் தங்காதும்மா, சும்மா பயப்படாதீங்க. ரெண்டு பிள்ளைக்கு அப்புறமும் ஏன் ஆபரேஷன் பண்ணிக்கல?" என்றார். காரணத்தைச் சொன்னேன். "சரி, நாள் தள்ளிப் போனா வாங்க, பாத்துக்கலாம். வரும்போது சாரையும் கூட்டிட்டு வாங்க, கையெழுத்து போடணும்" என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பதுக்கு மேல் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையும், அவ்வளவுதான், போய்விடாது. ரெடிங் நர்ஸ் எனக்குச் சொன்ன கணக்கு: ஐம்பதுக்கு முன் மாதவிடாய் நின்றால் அதற்குப் பிறகும் இரண்டு வருடம், ஐம்பதுக்குப் பிறகு நின்றால் ஒரு வருடம் கருத்தடை தொடர வேண்டும். 55 வயதில்தான் எல்லோரும் தைரியமாக விடலாம். அதோடு, நாள் தள்ளிப் போவதை வைத்து இந்த வயதில் எதைக் கண்டுபிடிப்பது? எனக்கு ஒரு மாதம் 24 நாளில் வருகிறது, அடுத்த மாதம் 38 நாள் ஆகிறது. தள்ளிப் போனால் கலைக்கலாம், ஆனால் தள்ளிப் போகாமல் இருக்க இன்று ஒரு மாத்திரை கொடுக்க மாட்டோம் என்பது என்ன வைத்தியம்? கலைப்பதற்கும் வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்றுதான் 1971-இலிருந்து சட்டம் சொல்கிறது, கணவர் கையெழுத்தை அது கேட்கவில்லை.

அன்று இரவு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "காலைல ஏழு மணிக்குக் கிளம்பு, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். நான் பிறந்த அரசு மருத்துவமனை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இஷ்டமில்லை. கூட்டம், அதட்டல், ஃபினாயில் வாசனை என்று சின்ன வயது நினைவெல்லாம் முன்னால் வந்து நின்றது.

குடும்ப நலப் பிரிவு ஒரு சின்ன அறை. சுவரில் சிவப்பு முக்கோணம், நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது பேருந்தின் முதுகிலும் மதில் சுவரிலும் பார்த்த அதே தலைகீழ் முக்கோணம். மேசைக்குப் பின்னால் ஐம்பது வயது இருக்கும் ஒரு சிஸ்டர். நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணி நேரம் ஆச்சும்மா?"

இரண்டு நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐம்பத்தேழு மணி நேரம் என்றேன். கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது, ரத்தப்போக்கு அதிகமா, பிரஷர் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். பிறகு, "மாத்திரை இப்ப என்கிட்ட இல்ல. ஆனா காப்பர் டி இருக்கு. அஞ்சு நாளைக்குள்ள போட்டா இதுக்கும் ஆகும், அப்புறம் பத்து வருஷத்துக்கும் கவலை இல்ல. மாத்திரையை விட இதுதான் கெட்டி" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. அவசரத்துக்கு இருப்பதிலேயே பலமானது காப்பர் டிதான், அதில் ஹார்மோன் இல்லாததால் என் ரத்த அழுத்தத்துக்கும் பாதகமில்லை. ரெடிங்கில் கொடுத்த கையேட்டில் இது இருந்தது. நான்தான் படிக்காமல் இழுப்பறையில் போட்டிருந்தேன்.

குறையையும் அவரே சொன்னார். "போக்கு கொஞ்சம் கூடும், மொத மூணு மாசம் வலியும் இருக்கும். இந்த வயசுல சில பேருக்குத் தானாவே போக்கு அதிகமாகும், அப்படி ஆனா அங்க போய் ஹார்மோன் வச்சது மாத்திக்கோங்க." கணவர் வரணுமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். ஒரு நொடி கழித்து, "வந்தா சொல்லுங்க, அவருக்கும் கத்தி இல்லாம, தையல் இல்லாமப் பண்ணிவிடலாம். ஆனா மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ற வரைக்கும் அதை நம்பக் கூடாது" என்றார்.

சிறுநீர்ப் பரிசோதனை, டாக்டர் வந்து பார்த்தது, போட்டது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. திரைச்சீலை ஒன்று முழுதாக மூடவில்லை, மேசை ஜில்லென்று இருந்தது, சுருக்கென்று வலித்தது.  இங்கே ஒரு ரூபாய் வாங்கவில்லை.

வெளியே மரத்தடி பெஞ்சில் அம்மா ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே இருந்த பழைய கட்டடத்தைக் காட்டினாள். 1985-இல் தம்பி பிறந்த மறுநாள் அங்கேதான் அவளுக்கு ஆபரேஷன். அப்போது அவளுக்கு 23 வயது. "வேற என்ன இருக்குன்னு யாரும் சொல்லல. பாட்டியும் அப்பாவும் பேசி முடிச்சுட்டாங்க, ஸ்ட்ரெச்சர் வந்துச்சு, போனேன்" என்றாள். இன்னொரு பெண் குழந்தை வேண்டும் என்று ஆசை இருந்ததாம். நாற்பது வருடத்தில் இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதில் இருக்கும் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் அந்த ஆபரேஷன்தான். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

"அந்த சிஸ்டர் உன்கிட்ட எவ்வளவு நேரம் பேசிச்சு?" என்று அம்மா கேட்டாள். இருபது நிமிடம் இருக்கும் என்றேன். "அவ்வளவு நேரமா" என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கை மூடினாள்.

சிஸ்டர் கொடுத்த அட்டையில் மாற்ற வேண்டிய வருடம் 2036 என்று பேனாவால் எழுதியிருக்கிறது. நாற்பதுக்கு மேல் போட்டால் மாதவிடாய் நிற்கும் வரை அப்படியே விடலாம் என்பது இங்கிலாந்து வழக்கம். அட்டையைப் பார்த்த ரெடிங் நர்ஸும் அதையே சொல்லிவிட்டு, நூல் சரியான இடத்தில் இருக்கிறது என்றார். கணவர் போன வாரம் வாசெக்டமிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.