இண்டிபென்டன்ஸ் ஹால், பிலடெல்பியா: அந்த அறையைப் பார்த்துவிட்டு வாருங்கள்

2024 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்து பத்து நாள் கழித்து மகளோடு போயிருந்தேன். அனுமதி இலவசம், இணையத்தில் நேரம் குறித்துக்கொள்ள ஆளுக்கு 1 டாலர். பாதுகாப்புச் சோதனை உண்டு, அதனால் அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள்.

முதலில் வரும் நீதிமன்ற அறையைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிடலாம். எதிரே இருக்கும் அறைதான் முக்கியம். பச்சைத் துணி விரித்த மேசைகள், இறகுப் பேனாக்கள், வாஷிங்டன் உட்கார்ந்த நாற்காலி, அதன் முதுகில் செதுக்கிய பாதிச் சூரியன். 1787 கோடையில் அரசியல் சாசனம் உருவானது இங்கேதான். அதிபரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்காமல் தேர்வாளர் குழு (ஒவ்வொரு மாநிலமும் தனக்குரிய எண்ணிக்கையில் நியமிக்கும் பிரதிநிதிகள்) மூலம் தேர்ந்தெடுக்கும் முறையும் இங்கேதான் பிறந்தது.

“ஏன் நேரா ஓட்டுப் போட விடலை?” என்று மகள் கேட்டாள். சுற்றிக் காட்டிய ரேஞ்சர் (பூங்கா ஊழியர்) நிதானமாகப் பதில் சொன்னார். 1787 கூட்டத்தில் பென்சில்வேனியாவின் பிரதிநிதி ஜேம்ஸ் வில்சன் நேரடித் தேர்தல்தான் கேட்டார். இவ்வளவு பெரிய நாட்டில் வேட்பாளர்களை எடைபோட மக்களால் முடியாது என்றார் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன். இன்னொரு காரணத்தையும் ரேஞ்சர் மறைக்கவில்லை. ஓட்டுரிமை இல்லாத அடிமைகள் தெற்கில் ஏராளம், நேரடித் தேர்தல் வைத்தால் தெற்கின் கை தாழ்ந்துவிடும். இதை வர்ஜீனியாவின் இன்னொரு பிரதிநிதி மேடிசனே அந்த அறையில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கை மக்கள்தொகைக் கணக்கில் சேர்த்ததால் தேர்வாளர் எண்ணிக்கையில் தெற்குக்கு லாபம். மகள் அதன் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

இந்த இரண்டு காரணமும் இன்று இல்லை. முறை மட்டும் இருக்கிறது. 2000-இலும் 2016-இலும் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றார். சின்ன மாநிலங்களுக்கு இதுதான் பாதுகாப்பு என்பவர்கள் உண்டு. ஆனால் 3 தேர்வாளர் உள்ள வயோமிங்கில் யார் பிரசாரம் செய்கிறார்கள்? நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பென்சில்வேனியாவில், என் தங்கை வீடு. அக்டோபர் முழுக்க அவள் வீட்டுக் கதவைக் கட்சிக்காரர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஒருவர்கூட வரவில்லை. மாநிலத்தில் ஜெயித்தவருக்கே அதன் தேர்வாளர் எல்லோரும். பென்சில்வேனியாவில் இழுபறி, எங்கள் பக்கம் அப்படி இல்லை. இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே ஓட்டு. அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. எங்கள் மாநிலம் 2008-லேயே தேசிய மக்கள் ஓட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவருக்கே தங்கள் தேர்வாளர்களைத் தருவதாக மாநிலங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. அதிபராக ஜெயிக்கத் தேவையான 270 தேர்வாளர் அளவுக்கு மாநிலங்கள் சேர்ந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

மகளுக்கு 2028-இல் முதல் ஓட்டு. திரும்பும் வழியில் அந்த ஒப்பந்தத்தில் எந்தெந்த மாநிலம் இருக்கிறது என்று ஃபோனில் தேடிக்கொண்டே வந்தாள்.

ஐந்துக்கு ஐந்து. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், கேள்வி கேட்க விடுங்கள்.