பெரிய துணியை நேராக வெட்ட: கிழிப்பதா, நூல் உருவுவதா, ரோட்டரி கட்டரா?

குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, பின்பக்கத்துக்கு ஒரு துணி வைத்துத் தைக்கும் போர்வை) தைப்பவர்களிடம் துணி வெட்டுவது பற்றிக் கேட்டால் பேச்சு உடனே சின்னத் துண்டுகளுக்குப் போய்விடும். 2½ இன்ச் சதுரம், முக்கோணம், அதற்கேற்ற ஸ்கேல். அதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. கை தயங்குவது பின்பக்கத் துணியை வெட்டும்போதுதான். 90-க்கு 100 இன்ச்சில் ஒரு டபுள் காட் குவில்ட் என்றால், சுற்றிலும் 4 இன்ச் கூடுதலாக விட்டு, பின்பக்கம் 98-க்கு 108 வேண்டும். 44 இன்ச் அகலத் துணியில் இரண்டு அகலம் போதாது, மூன்று அகலத்தை இணைக்க வேண்டும். ஒவ்வொன்றும் 98 இன்ச், அதாவது ஏறக்குறைய இரண்டரை மீட்டர்; மொத்தம் ஏழரை மீட்டர். இந்த நீளத்துக்கு எட்டுகிற ஸ்கேலும் கிடையாது, வீட்டில் அதற்கான மேசையும் கிடையாது.

வட கர்நாடகத்தின் சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவண்டிப் போர்வைக்கு இந்தக் கவலையே இல்லை. பழைய துணிகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வைத்துத் தைத்துக்கொண்டே வருவார்கள். துண்டு எந்த வடிவத்தில் இருந்தாலும் அதற்கு இடம் உண்டு. அளவெடுத்துத் தைக்கும் குவில்டுக்குத்தான் இந்த அலசல்.

நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: கிழிப்பது, நூல் உருவி வெட்டுவது, ரோட்டரி கட்டர் (சக்கரம்போல உருண்டு வெட்டும் வட்ட பிளேடு), சாக் கோடு போட்டுக் கத்தரியால் வெட்டுவது. இரண்டடிக்கு மேல் நீளமான வெட்டு என்றால் ஸ்கேலைவிடத் துணியின் நூலை நம்பலாம் என்பது என் கட்சி.

கிழிப்பதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பலரும் இதைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். ஜவுளிக்கடையில் பாப்ளின் வாங்கியவர்களுக்குப் பழக்கமான காட்சிதான். மீட்டர் கோலால் அளந்து, கரையில் கத்தரியால் ஒரு நறுக்கு, அப்புறம் இரண்டு கையாலும் டர்ரென்று ஒரே இழுப்பு. கடைக்காரர் அவசரத்துக்குச் செய்கிறார் என்று தோன்றும். ஆனால் அந்தக் கிழிசல் ஊடை நூலை (துணியின் குறுக்கே ஓடும் நூலை) ஒட்டியே நேராகப் போய் மறுகரையில் நிற்கும். அதே துணியைக் கண்மட்டத்தில் கத்தரியால் வெட்டித் தந்தால், வீட்டில் விரித்துப் பார்க்கும்போது ஒரு பக்கம் ஓரிரு இன்ச் ஏறி இறங்கியிருக்கும். அளவாகத்தான் வாங்கினோம், ஆனால் ஒரு மூலை போதவில்லை என்கிற கதை இங்கேதான் தொடங்குகிறது.

வீட்டில் கிழிக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. கரையை முழுதாகத் தாண்டி ஒன்றரை இன்ச் உள்ளே வரை நறுக்க வேண்டும், இல்லையென்றால் கரையின் அடர்த்தியில் கிழிசல் திசை மாறும். மறுகரை நெருங்கியதும் இழுப்பதை நிறுத்திவிட்டு, அந்தக் கடைசி இன்ச்சையும் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். கிழிந்த ஓரம் சற்று அலை அலையாகச் சுருண்டு நிற்கும். இஸ்திரி போட்டால் பெரும்பாலும் படிந்துவிடும். ஆனாலும் அந்த ஓரத்தில் கால் இன்ச் வரைக்கும் நூல்கள் இழுபட்டு இடம் மாறியிருக்கும். அதனால் கிழிக்கும் துண்டுக்கு இரண்டு பக்கமும் அரை இன்ச் கூடுதலாக வைத்துக்கொண்டு, தையலையும் கால் இன்ச்சுக்குப் பதிலாக அரை இன்ச் உள்ளே போடுங்கள். பின்பக்கத் துணியில் இது யார் கண்ணிலும் படாது.

பாப்ளின், கேம்ப்ரிக், வாயில் (voile) ஆகிய மூன்று துணிகளும் நன்றாகக் கிழியும். லினன், ஃபிளானல், தடித்த கேன்வாஸ் இவற்றைக் கிழிக்க வேண்டாம். இன்னொரு தொல்லை, பிரிண்ட். அச்சடிக்கும்போது துணி சாய்ந்து போயிருந்தால், நூலை ஒட்டிக் கிழித்த பிறகு பூ வரிசை கோணலாகத் தெரியும். அப்போது நூலா, டிசைனா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முன்பக்கம் என்றால் நான் டிசைன் பக்கம். கண்ணுக்குத் தெரிவது அதுதானே.

அடுத்தது, நூல் உருவுவது. கரையைச் சின்னதாக நறுக்கி, ஒரே ஒரு ஊடை நூலைக் குண்டூசியால் எடுத்து மெல்ல இழுக்க வேண்டும். துணி சுருங்கும், அந்தச் சுருக்கத்தை விரலால் அப்படியே தள்ளிக்கொண்டே போனால், நூல் போன இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். பாதியில் நூல் அறும், அது சகஜம். கோடு தெரிகிற வரைக்கும் வெட்டிவிட்டு, அறுந்த முனையைப் பிடித்து மறுபடி இழுங்கள். நான்கு வழிகளில் மிகத் துல்லியமானது இதுதான், ஓரமும் இழுபடாது. லினனுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் 44 இன்ச் அகலத்துக்குக் கால் மணி நேரம் போய்விடும். கையால் நூற்ற கதரில் நூல் ஒரே தடிமனாக இருக்காது, அடிக்கடி அறுந்து பொறுமையைச் சோதிக்கும். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த கட்டம் போட்ட துணி என்றால் உருவவே வேண்டாம், கட்டத்தின் கோடே நூல் கோடு.

ரோட்டரி கட்டரை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் கொண்டுவந்தது. குவில்ட் உலகமே அதற்குப் பிறகு மாறிப்போனது என்றால் மிகையில்லை. 45 மி.மீ. பிளேடு, அடியில் கட்டிங் மேட் (வெட்டுவதற்கான விரிப்பு), மேலே 6-க்கு 24 இன்ச் அக்ரிலிக் ஸ்கேல்: இந்த மூன்றும் சேர்ந்தால் 20 இன்ச் வரையிலான சதுரத்துக்கு இதை மிஞ்ச வேறொன்று இல்லை. சிக்கல், ஸ்கேலை மீறுகிற நீளத்துக்குத் துணியை மடிக்கும்போது வருகிறது. 44 இன்ச் துணியை இரண்டாக மடித்தால் 22 இன்ச். ஸ்கேல் மடிப்புக்குச் செங்குத்தாக இல்லாமல் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், அந்த 22 இன்ச் போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய 1 செ.மீ. விலகிவிடும். விரித்துப் பார்த்தால் பட்டை நடுவில் வளைந்திருக்கும். நான்காக மடித்தவர்களுக்கு வளைவு மூன்று. இதற்குப் பிளேடைக் குறை சொல்லிப் பயனில்லை, மடிப்பைத்தான் பார்க்க வேண்டும். கரையோடு கரை சேர்வதைவிட, மடிப்பு சுருக்கமில்லாமல் தொங்குவது முக்கியம். இரண்டு கையாலும் துணியைத் தூக்கிப் பிடித்து, மடிப்பில் முறுக்கு மறையும் வரைக்கும் ஒரு கரையை இடமோ வலமோ நகர்த்துங்கள். கரைகள் சற்றே முன்பின் ஆனாலும் பரவாயில்லை.

வெட்டும்போது ஸ்கேலை அழுத்தும் இடது கையை ஒரே இடத்தில் வைத்திருந்தால் மறுமுனை நழுவும். அரை ஸ்கேல் தூரம் வெட்டியதும் பிளேடை எடுக்காமல் அங்கேயே நிறுத்தி, கையை மேலே நகர்த்தி வைத்து, பிறகு தொடருங்கள். மேசையிலிருந்து தொங்கும் மீதித் துணியின் பாரமும் வெட்டும் இடத்தை இழுக்கும். அதை ஒரு நாற்காலியில் சேர்த்து வைத்தாலே பாதிப் பிழை குறையும்.

சாக், டேப், கத்தரி பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாக் கோட்டுக்கே 1 மி.மீ. தடிமன் உண்டு, பழைய டேப் நீண்டு போயிருக்கும். நேர்க்கோட்டுக்கு நான் இதை எடுப்பதில்லை. ஆனால் வட்டமான மேசை விரிப்பு, வளைந்த ஓரம் இவற்றுக்குக் கத்தரிதான். கீழ் அலகு மேசையை விட்டு எழும்பாமல் வெட்டினால் கோடு விலகாது.

ஆக, பின்பக்கத் துணியைக் கிழித்துவிடுவேன். முன்பக்கச் சதுரங்களுக்கு ரோட்டரி. நீளமான ஓரப்பட்டைக்கு இரண்டும் சேர்த்து: பாவு நூல் போகிற நெடுக்கு வாக்கில் தேவையைவிட ஒரு இன்ச் அகலமாகக் கிழித்து, இஸ்திரி போட்டு, பிறகு ஸ்கேல் வைத்து இரண்டு ஓரத்தையும் சீவிவிடுவது. பாவு வாக்கில் துணி அவ்வளவாக இழுபடாது, அதனால் பட்டை தொய்யாது. எதுவாக இருந்தாலும், சுருங்கும் துணியை முதலில் நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

பெரிய துண்டின் மூலைகள் செங்கோணமாக வந்தனவா என்று பார்க்கத் தரையில் விரித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் போதும், இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு மூலையைச் சோதிக்கக் கொத்தனார் வழி இருக்கிறது: ஒரு ஓரத்தில் 30 இன்ச், மறு ஓரத்தில் 40 இன்ச் குறித்தால் குறுக்கே சரியாக 50 வர வேண்டும். குறைந்தாலோ கூடினாலோ உடனே வெட்டப் போகாதீர்கள். குறுகலாகிப் போன மூலைவிட்டத்தின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து, நீராவி இஸ்திரி போட்டு, மறுபடி அளந்து பாருங்கள். பல சமயம் துணி சாய்ந்திருந்ததுதான் காரணமாக இருக்கும்.

வாங்கும் வரிசையில் முதலில் நல்ல கத்தரி. ரோட்டரி கட்டர், மேட், ஸ்கேல் மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும், தனித்தனியாக வாங்கினால் எதுவும் பயன்படாது. அதற்குக் காசு சேரும்வரை கரையில் கத்தரியால் ஒரு நறுக்கும், கிழிக்க இரண்டு கையும் போதும். மேட்டை வெயில் படும் ஜன்னலோரத்திலோ காரிலோ வைக்காதீர்கள், சூட்டில் வளைந்தால் திரும்ப நேராகாது. கட்டிலுக்கு அடியில் தட்டையாகப் படுக்க வைத்தால் சரி.