பர்பன் பீப்பாயா, ஸ்காட்ச் பீப்பாயா? மூன்று கறுப்பு பீர்கள்

மூன்று பாட்டில்களையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, முக்கால் மணி நேரம் மேசையில் வைத்த பிறகுதான் திறந்தோம். கூட இருந்த நண்பனுக்குப் பொறுமை இல்லை. ஆனால் விஸ்கி பீப்பாயில் ஊறிய ஸ்டவுட்டை, அதாவது கருக வறுத்த தானியத்தில் காய்ச்சும் கெட்டிக் கறுப்பு பீரை, சில்லென்று குடித்தால் நாக்குக்குத் தெரிவது கசப்பும் சாராயச் சூடும்தான். 12, 13 டிகிரிக்கு ஏறினால்தான் மீதியெல்லாம் வெளியே வரும்.

சிகாகோவின் கூஸ் ஐலண்ட் காய்ச்சும் பர்பன் கவுண்டி, மிச்சிகனில் கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரின் ஃபவுண்டர்ஸ் காய்ச்சும் கேபிஎஸ் (கென்டக்கி பிரேக்ஃபாஸ்ட் ஸ்டவுட்), ஸ்காட்லாந்தின் ஹார்வியஸ்டன் காய்ச்சும் ஓலா டூ 12. முதல் இரண்டும் பர்பன் என்ற அமெரிக்கச் சோள விஸ்கி இருந்த பீப்பாயில் கிடந்தவை. மூன்றாவது ஹைலண்ட் பார்க் என்ற ஸ்காட்ச் விஸ்கி இருந்த பீப்பாயில். கறாராகப் பார்த்தால் ஓலா டூ ஸ்டவுட் இல்லை, போர்ட்டர் வகை. இருக்கட்டும், இரண்டும் பங்காளிகள்தானே.

முதலில் பர்பன் கவுண்டி. எண்ணெய் இறங்குவதுபோலச் சத்தமில்லாமல் இறங்கியது. பழுப்பு நுரை ஒரு விரல் உயரம் எழும்பி, நிமிடத்துக்குள் ஓரத்தில் மெல்லிய வளையமாகச் சுருங்கிவிட்டது. கோப்பையைச் சாய்த்தால் கண்ணாடியில் காபி நிறத்தில் ஒரு திரை தங்கி, மெதுவாக வழிகிறது. விளக்குக்கு எதிரே பிடித்தாலும் ஒளி ஊடுருவவில்லை. மூக்கில் முதலில் வனிலா, அப்புறம் தேங்காய், அதற்கும் பின்னால் அடுப்பில் ஒரு நொடி அதிகமாக நின்றுவிட்ட கருப்பட்டிப் பாகு. வாயில் பேரீச்சம்பழமும் சாக்லேட்டும். விழுங்கினால் நெஞ்சுக்குள் சூடு இறங்குவது தெரிகிறது. 14 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால் சும்மா இருக்குமா?

"என்னடா இது, பீரா லேகியமா?" என்றான் நண்பன்.

அந்த வனிலாவும் தேங்காயும் மரம் கொடுப்பவை. அமெரிக்கச் சட்டப்படி பர்பனை உள்பக்கம் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். ஒரு தடவை பர்பன் இறங்கிவிட்டால் அந்தப் பீப்பாய்க்கு அங்கே வேலை இல்லை. அப்படி வெளியே வரும் 200 லிட்டர் பீப்பாய்களில்தான் இந்த பீர் போய் உட்கார்கிறது. ஒரே முறை பயன்பட்ட மரம் என்பதால் அதில் சாறு இன்னும் மிச்சம் இருக்கும். மரச்சுவருக்குள் ஊறிய விஸ்கியும் சேர்ந்தே வரும். கூஸ் ஐலண்டின் கிரெக் ஹால் முதலில் ஆறு ஜிம் பீம் பீப்பாய்களை வாங்கி இதைச் செய்துபார்த்தார். 1992 என்று நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்தது; 1995தான் என்று சொல்வோரும் உண்டு. எப்படியானாலும், இன்று அமெரிக்காவில் வரும் பீப்பாய் ஸ்டவுட்டுகளுக்கெல்லாம் மூத்தவர் இவர்தான்.

இதை வாங்கி வருடக்கணக்கில் பதுக்கி வைப்பவர்கள் உண்டு. 2015இல் காய்ச்சியதில் சில வகைகள் பாக்டீரியா புகுந்து புளித்துப்போய், பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2016 முதல் பாஸ்டரைஸ் செய்து, அதாவது சூடாக்கிக் கிருமியைக் கொன்று, விற்கிறார்கள். ஆகவே இப்போது பயமில்லாமல் வைக்கலாம். ஆனால் வைக்க வைக்கச் சூடு தணிந்து இனிப்பு மேலே வரும். எனக்கு ஏற்கெனவே இனிப்பு அதிகம், நான் வைக்க மாட்டேன்.

கேபிஎஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை, நன்றாக இருப்பதால்தான். காபியும் சாக்லேட்டும் போட்டுக் காய்ச்சி பர்பன் பீப்பாயில் வைக்கிறார்கள். ஊருக்கு அடியில் இருந்த பழைய ஜிப்சம் சுரங்கங்களில் வைத்து ஊறவிட்டதுதான் இதன் புகழ். 12 சதவீதம் என்று லேபிளில் இருந்தாலும் அது உறுத்தவில்லை. காபிக் கசப்பு முன்னால் வந்து இனிப்பைத் தட்டி உட்கார வைக்கிறது. பர்பன் கடைசியில்தான் தலைகாட்டுகிறது. நண்பன் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டது இதை மட்டும்தான்.

ஓலா டூவுக்கு வந்ததும் ஆட்டமே மாறியது. கேலிக் மொழியில் கறுப்பு எண்ணெய் என்று பொருள். பெயர்தான் எண்ணெய், முந்தைய இரண்டையும்விட நீர்த்துத்தான் இருக்கிறது. 8 சதவீதம், இலங்கையின் லயன் ஸ்டவுட்டே 8.8. வனிலாவைத் தேடினேன், காணோம். ஸ்காட்லாந்தில் பீப்பாயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பழகிய மரத்தில் அந்த இனிப்புச் சாறு அவ்வளவாக மிஞ்சாது. அதற்குப் பதிலாக வருவது ஹைலண்ட் பார்க்கின் குணம். ஆர்க்னி தீவுகளில் பீட் என்ற மட்கிய சதுப்புநில மண்கட்டியை எரித்த புகையில் மால்ட்டை (முளைகட்டிய பார்லியை) வாட்டி, ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாய்களில் வைக்கும் விஸ்கி அது. கோப்பையில் மழைக்குப் பிறகான விறகடுப்புப் புகை, கொஞ்சம் உலர்திராட்சை, நல்ல வறுத்த கசப்பு. முக்கியமாக, அடியில் பீர் இருக்கிறது என்பது கடைசி மிடறு வரை தெரிகிறது. குறை ஒன்று உண்டு: பர்பன் கவுண்டிக்குப் பிறகு குடித்தால் தண்ணீர்போலத் தோன்றும். நாங்கள் செய்த தப்பு அதுதான். பத்து நிமிடம் இடைவெளி விட்டு, வெறும் ரொட்டி தின்றுவிட்டுத் திரும்பக் குடித்தபோதுதான் புகை பிடிபட்டது. குறைந்த ஆல்கஹாலிலிருந்து தொடங்குங்கள்.

எதை மறுபடி வாங்குவேன்? நான்கு பேர் கூடினால் பர்பன் கவுண்டி, அரை லிட்டர் பாட்டில் ஒன்று போதும். தனியாக முடிக்க முயல வேண்டாம். பீப்பாய் பீரே குடித்திராத ஒருவருக்குக் கொடுப்பதென்றால் கேபிஎஸ். எனக்கு மட்டும் என்றால் ஓலா டூ, யோசிக்கவே மாட்டேன். நண்பன் இதை ஒத்துக்கொள்ளவில்லை, கொடுத்த காசுக்கு வாயில் ஒரு கனம் வேண்டாமா என்கிறான்.

கோப்பைகளைக் கழுவாமல் படுத்துவிட்டோம். காலையில் முகர்ந்து பார்த்தேன். பர்பன் கவுண்டி கோப்பையில் கேக் கடை வாசனை, கேபிஎஸ்ஸில் ஆறிய டிகாக்‌ஷன். ஓலா டூ கோப்பையில் அணைந்த அடுப்பின் புகை அப்படியே இருந்தது.