ஊட்டி ஜிப்லைனும் கோத்தகிரிச் சோலையும்

ஊட்டி என்றால் நமக்கு போட் ஹவுஸ், குதிரை, பொட்டானிக்கல் கார்டன், இறங்கும்போது ஒரு பை வர்க்கி. நியூசிலாந்தில், ஆக்லாந்தில் வளர்ந்த மகளுக்கு இதெல்லாம் ஏறவில்லை. "படகுல உட்கார்ந்து என்னப்பா பண்றது? அட்வென்ச்சர் ஏதாவது இருக்கா?" என்றாள். மச்சான் உடனே போனைத் தடவி, குன்னூர் போகிற வழியில், கம்பியில் தொங்கிக்கொண்டு சறுக்கிப் போகிற ஜிப்லைன் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்.

டோக்கன் கொடுத்தவர்கள் பணத்தைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. நியூசிலாந்தில் கவாராவ் பாலத்தில் 1988 முதல், காலில் கயிறு கட்டிக் குதிக்கும் பஞ்சி நடத்துகிறார்கள், 43 மீட்டர் உயரம். அங்கே குதிக்கும் முன் எடை பார்த்து, அந்த எண்ணைக் கையிலேயே எழுதிவிடுவார்கள். இங்கே மேடையில் நின்ற பையன் மச்சானின் தொப்பையை ஒரு பார்வை பார்த்தான். அதோடு எடை பார்த்தாயிற்று.

மகளுக்குக் கொடுத்த ஹெல்மெட்டில் தாடைக்குக் கீழே மாட்டும் க்ளிப்பைக் காணோம். அந்த இடத்தில், பூக்காரம்மா பொட்டலம் கட்டுகிற மாதிரி ஒரு நூல் தொங்கியது. உள்ளே ஸ்பாஞ்ச் பாதி உதிர்ந்து, யார் தலையிலோ இருந்த தேங்காய் எண்ணெய் வாடை. இடுப்பு பெல்ட்டின் தையல் ஓரத்தில் பிரிந்திருந்தது. கம்பியில் ஓடும் உருளைக்கு ஒரே கொக்கி, அது விட்டால் தாங்க இன்னொரு கயிறு இல்லை. எதிர்முனையில் பிரேக் என்ற பெயரில் இரண்டு பழைய டயர்கள்.

"தம்பி, வேற ஹெல்மெட் இருக்கா?"

"எல்லாமே இதேதான் சார். ஒண்ணும் ஆகாது."

"ரெண்டாவது கயிறு?"

"டெய்லி எவ்வளவோ பேர் போறாங்க சார்."

சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். டோக்கன் கிழித்தாயிற்றாம். மேனேஜர் வந்தார். "ஃபாரின்ல இருந்து வர்றவங்க இப்படித்தான் பேசுவாங்க" என்று என்னை விட்டுவிட்டு மச்சானிடம் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "விடுங்க மாப்ள, ஐந்நூறு ரூபா விஷயம்" என்றார். நான் விடவில்லை. நியூசிலாந்தில் பாதுகாப்புத் தணிக்கையில் தேறிப் பதிவு பெறாமல் இப்படி ஒரு கடையே போட முடியாது என்று பிரசங்கம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பணம் தர முடியாது சார், வேணும்னா பலூன் சுடுங்க" என்றார். மூன்று டோக்கனுக்கும் பலூன் சுட்டோம். மகள் நன்றாகவே சுட்டாள். எனக்குத்தான் ஆத்திரத்தில் ஒன்றும் படவில்லை.

இதில் வேடிக்கை, மலை ஏறும்போது கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்த்து, டிக்கியைத் திறக்கச் சொல்லி, பிளாஸ்டிக் பாட்டில்களையெல்லாம் பறிமுதல் செய்திருந்தார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குக் காட்டிய கெடுபிடியில் கால்வாசியாவது கம்பியில் தொங்கப்போகிற பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?

இதே நீலகிரியில் ஒழுங்காக நடத்தவும் தெரிகிறது, அதுதான் இன்னும் எரிச்சல். ஆக்லாந்திலிருந்தே மனைவி, மச்சானின் போன் நம்பரைக் கொடுத்து, வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் கோத்தகிரி லாங்வுட் சோலைக்குப் பதிவு செய்திருந்தாள். அரசாங்க விஷயம், ஆள் வந்தால் பார்க்கலாம் என்றுதான் போனேன். வழிகாட்டி எங்களுக்கு முன்பே வந்து நின்றார். உள்ளூர்க்காரர். பெயர்களைச் சரிபார்த்தார், குனிந்து எங்கள் செருப்பு, ஷூவைப் பார்த்தார், மச்சானை மட்டும் திருப்பி அனுப்பி ஷூ மாற்றி வரச் சொன்னார். சோலைக்குள் பாதி வழியில் கையை உயர்த்தினார். தடத்தில் ஈரம் காயாத சாணி. "காட்டுமாடு, இப்பத்தான் போயிருக்கு" என்று சொல்லி வேறு வழியில் திருப்பினார். எங்கள் அபிப்பிராயத்தை அவர் கேட்கவே இல்லை. அந்த வழியில்தான் மலபார் அணில் ஒன்று, வாலை முழுநீளத்துக்குத் தொங்கவிட்டு எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. மகள் ஜிப்லைனை மறந்தே போனாள்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகிய பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு இந்த 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள் எளிதிலேயே நில்லுங்கள். பிப்ரவரி, மார்ச் பக்கம் தீப் பயத்தில் பாதைகளை மூடிவிடுவது உண்டு. அந்த மாதங்களில் ஊருக்கு வருகிறவர்கள் விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.