சிட் சிப் வாங்க ஹட்டனில் ஒரு கடை

கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டருக்கு சிட் சிப், அதாவது அதன் ஒலிச் சிப், தேடுபவர்கள் இணையத்தில் காசைக் கட்டுவதற்கு முன்னால் ஒருதரம் இலங்கை மலையகத்து ஹட்டனுக்குப் போய்ப் பாருங்கள். டவுனில் ஒரு மாடிக் கடை, டிவியும் ஆம்பும் பழுது பார்க்கிற இடம், வெளியே கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லை. உள்ளே போனால் செத்த போர்டுகளிலிருந்து கழற்றிய 6581, 8580 என்ற இரண்டு வகை சிட் சிப்பும் கறுப்பு ஸ்பொஞ்சில் வரிசையாகக் குத்தி வைத்திருக்கும்.

பொப் யானஸ் வடிவமைத்து 1982-இல் கொமடோர் 64-ஓடு வந்த சிப் இது. மூன்று குரல், அதாவது ஒரே நேரத்தில் மூன்று ஒலி, அதோடு உள்ளேயே ஒலியின் தன்மையை மாற்றுகிற ஒரு அனலாக் ஃபில்டர். அந்த ஃபில்டர்தான் விஷயமே. 6581-இல் அது சிப்புக்குச் சிப் மாறும், அதனால் ஒரே பாட்டு ஒன்றில் கனத்து, இன்னொன்றில் மங்கி ஒலிக்கும். காதால் கேட்காமல் வாங்கக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான். இணையத்தில் வேறு ஏதோ சிப்பின் மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு 6581 என்று அச்சடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே கடைக்கார அண்ணன் சிப்பை டெஸ்ட் போர்டில் போட்டு ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக, ஒவ்வொரு அலைவடிவத்திலும் ஓட்டிக் காட்டுகிறார், அப்புறம் ஃபில்டரை அடியிலிருந்து உச்சிவரை மெதுவாக ஏற்றிக் காட்டுகிறார். மூன்று குரலும் நன்றாகப் பாடும், ஃபில்டர் மட்டும் செத்திருக்கும் சிப்புகள் நிறைய உண்டு. அதைத்தான் வெளியே "வேலை செய்கிறது" என்று விற்றுவிடுகிறார்கள். இவர் அப்படிப்பட்டதைத் தனி டப்பாவில் போட்டு, விலையும் குறைத்தே சொல்கிறார்.

கழற்றுகிற விதமும் எனக்குப் பிடித்திருந்தது. பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்து இளக்கி, 28 காலையும் பம்பால் ஒவ்வொன்றாக உறிஞ்சி, காலெல்லாம் துளைக்குள் லேசாக ஆடுகிறதா என்று பார்த்த பிறகுதான் சிப்பைத் தூக்குகிறார். சாக்கெட்டில் இருந்தால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புவார். ஒரே பக்கம் நெம்பினால் கால் வளையும், நிமிர்த்தும்போது ஒடியும். ஈர மூட்டத்தில் கிடந்து கறுத்த கால்களையும் துடைத்துத்தான் கொடுக்கிறார்.

வாங்க வருகிறவரிடம் முதலில் எந்த போர்டு என்று கேட்பார். 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட். ஃபில்டர் கபாசிட்டரும் வேறு: முன்னதுக்கு 470 பைக்கோஃபாரட், பின்னதுக்கு 22 நானோஃபாரட். போர்டைச் சொல்லாதவருக்குச் சிப் கிடையாது, அது சரியான கண்டிப்பு.

விலை கூடத்தான். மாட்டிய பிறகு திருப்பியும் எடுக்க மாட்டார். சிலருக்கு அது கோபம், எனக்கு நியாயமாகத்தான் படுகிறது, ஏனென்றால் கொமடோரின் பழைய பவர் சப்ளை கெட்டால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அதற்கு மேல் ஏறி சிப்புகளைக் கொன்றுவிடும். சின்த் (மின்னணு இசைக்கருவி) செய்வதற்காக ஒருவர் நல்ல மெஷினையே கொண்டுவந்து சிப்பை மட்டும் எடுத்துத் தரச் சொன்னபோது, "ஓடுற மெஷின உடைக்க மாட்டேன் தம்பி, செத்த போர்டு கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் இந்தக் கடையை நம்புகிறேன்.

காலையில் டிவி வேலையில் மும்முரமாக இருப்பார், மதியத்துக்குப் பிறகு போனால் உட்கார்ந்து கேட்கலாம். உங்கள் பவர் சப்ளையையும் கையோடு கொண்டு போங்கள், காசு வாங்காமல் அளந்து சொல்வார்.